கைப்பிடி அரிசி

கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டு வீட்டில் அடுப்பு ஒன்று, பானை இரண்டு. சோற்றுப் பானையைச் சொல்லவில்லை, அது ஒன்றுதான். அடுப்புக்கு மேலே பலகையில் உட்கார்ந்திருந்த இரண்டு சின்ன மண்பானைகள்தான் இந்தக் கதைக்கு வேண்டியவை. ஒன்று மூத்தவன் மனைவி தேவப்பிரியத்தினுடையது. மற்றது இளையவன் மனைவி முத்தம்மாவினுடையது.

உலையில் போட எடுத்த அரிசியிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி ஆண்டவருக்கென்று எடுத்து, ஒரு வார்த்தை ஜெபம் சொல்லி, அவரவர் பானையில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய், பீடத்துக்கு முன்னால் வைத்திருக்கும் பித்தளை அண்டாவில் கொட்ட வேண்டும். அந்த அரிசி வயதானவர்கள் வீட்டுக்கும் வேலை போனவர்கள் வீட்டுக்கும் போகும். மாதர் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். பட்டணமே ரேஷன் அரிசியில் காலம் தள்ளிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கடையில் பாதி அரிசி போடுவான், மீதிக்கு மைலோ என்று கப்பலில் வந்த சிவப்புச் சோளத்தைத் தலையில் கட்டுவான். அந்த அரிசியிலும் கல் பொறுக்கியே கண் போய்விடும். அப்போதும் கைப்பிடி அரிசி நிற்கவில்லை. யார் பானை எவ்வளவு உயரம் என்று கடைக்கண்ணால் பார்க்கிற பழக்கமும் நிற்கவில்லை.

தேவப்பிரியத்துக்குச் சின்னக் கை. தண்டையார்பேட்டைக் கோயிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியார் மகள் அவள். சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்வாள், பாமாலையைப் புத்தகம் இல்லாமல் பாடுவாள். முத்தம்மா காசிமேட்டில் மீன் கூடை தூக்கி வளர்ந்தவள். போன வருஷம்தான் ஞானஸ்நானம் வாங்கி அய்யாத்துரையைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். கோயில் பாதிரி ஐயர் அவளுக்கு கிரேஸ் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஐயர் வீட்டுப் பதிவில் பத்திரமாக இருந்தது. ஊருக்கு அவள் முத்தம்மாதான். அவள் கையை விரித்தால் ஒரு சங்கரா மீன் படுத்துக்கொள்ளும். அந்தக் கையால் ஒரு பிடி எடுத்தால் பானை எப்படி ரொம்பாமல் இருக்கும்?

"முத்தம்மா, உன் கை தாராளமான கைடி" என்று சங்கத்துச் செகரட்டரி ஃப்ளோரா ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். தேவப்பிரியம் சிரித்தாள். சிரித்த வாய் வீடு வந்து சேரும் வரை வலித்தது.

அரிசியோடு போயிருந்தால் அந்த வயிற்றெரிச்சல் ஒரு வாரத்தில் அடங்கியிருக்கும். ஆனால் விஷயம் அவள் புருஷனிடம் போய் நின்றது.

தேவப்பிரியத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. நகை வேண்டாம், சொந்த வீடு வேண்டாம். பெற்ற பெண்கள் இரண்டு பேரும் விடுதிப் பள்ளியில் நன்றாகவே படித்தார்கள். சாயங்காலம் விளக்கேற்றிக் குடும்ப ஜெபம் நடக்கும்போது புருஷன் யேசுதாஸ் உள்ளே வந்து பாயில் உட்கார வேண்டும், முடிவில் ஒரு ஆமேன் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கல்யாணமான நாள்முதல் அவள் அதற்காக அழுது ஜெபித்தாள், உபவாசம் இருந்தாள். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிற அந்த மனுஷனோ, அவள் பாயை விரித்ததும் பீடியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவான்.

முத்தம்மா வந்த புதிதில் ஒரு நாள் தேவப்பிரியத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நீதான் ஒரு ஜெபம் சொல்லேன்" என்று பேச்சுக்குச் சொல்லி வைத்தாள். முத்தம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, மழ வந்துகினு கீது. எங்க மாமா கப்பல்ல வின்ச்சு மேல குந்திகினு கீறாரு. அந்த இரும்புக் கயிறு தேஞ்சு போச்சாம். மேஸ்திரியாண்ட சொன்னா காதுல போட்டுக்க மாட்டேன்றானாம். நீ கொஞ்சம் பாத்துக்கோ. கீழ நிக்கிற ஆளுங்களுக்கும் புள்ளகுட்டிங்க கீது. அப்பால, இன்னிக்கு சூடை மீனு நல்லா வித்துப்போச்சு, அதுக்கு உனக்கு கும்புடு. ஆமேன்."

வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த யேசுதாஸ் மாட்டுவதை நிறுத்தினான். கயிறு தேய்ந்ததை அவன் சாப்பிடும்போது சொல்லியிருந்தான். தேவப்பிரியமும்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, குழம்பு போதுமா என்றாள்.

மறுநாள் அவன் டீக்கடைக்குப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பீடி குடித்தான். ஒரு வாரத்தில் படிக்கு உள்பக்கம் உட்கார்ந்தான், பீடி இல்லாமல். முத்தம்மா மேஸ்திரிக்கு நல்ல புத்தி கேட்டபோது களுக்கென்று சிரித்தான். ஆமேன் மட்டும் வரவில்லை. ஆனால் வந்துவிடும் போலிருந்தது. மழைக்கு முன்னால் காற்றில் வாடை தெரியுமே, அப்படித் தெரிந்தது.

நியாயமாகப் பார்த்தால் தேவப்பிரியம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கேட்டது கிடைக்கப்போகிறது அல்லவா? அவளுக்கோ நெஞ்சு பற்றி எரிந்தது. இத்தனை வருஷம் முழங்கால் காய்த்துப்போக நான் கேட்டேன், நேற்று வந்த மீன்காரிக்கா கொடுப்பீர் என்று ஆண்டவரோடு சண்டை போட்டாள். அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக்குழவியை எடுத்துத் தன் வயிற்றில் இடித்துக்கொண்டாளாமே ஒருத்தி, அவளுக்காவது அது அடுத்த வீடு. இங்கே ஒரே வீடு, ஒரே அடுப்பு.

பற்றாததற்குப் பக்கத்து வீட்டு அஜீசா வேறு. தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னாள். "அக்கா, உங்க வூட்டு சின்னது ஓதறது சொவத்துக்கு இந்தாண்ட எங்களுக்கும் கேக்குது. எங்க வூட்டுக்காரரு கூட, 'அல்லாவாண்ட இப்டித்தான் பேசணும், சும்மா பேஜாரு பண்ணக்கூடாது'ன்னு சொல்லிக்கினு இருந்தாரு."

"ஓஹோ" என்றாள் தேவப்பிரியம். "அப்ப நான் பண்றதெல்லாம் பேஜாரா?"

"அய்ய, நான் எங்கக்கா அப்டி சொன்னேன்?" என்று அஜீசா குடத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

அன்று சாயங்காலமே பாயை விரித்துவிட்டு தேவப்பிரியம் சட்டம் போட்டாள்.

"முத்தம்மா, நீ இன்னும் திடப்படுத்தல் வாங்கல. நற்கருணை எடுக்காதவ குடும்ப ஜெபம் நடத்தறது மொறயில்ல. இனிமே நான் பாத்துக்கறேன்."

அப்படி ஒரு முறை எந்தச் சபையிலும் இல்லை. முத்தம்மாவுக்கு அது தெரியாது.

"அப்டியாக்கா? எனக்கு இன்னா தெரியும், நீ படிச்சவ" என்று சொல்லிவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

தேவப்பிரியம் கண்ணை மூடி, "கிருபையும் இரக்கமும் நிறைந்த பரம பிதாவே" என்று தொடங்கினாள். நீளமான, அழகான ஜெபம். வழி தப்பிய ஆத்துமாக்களையும் கடினப்பட்ட இருதயங்களையும் பற்றி வந்தபோது செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். படி காலியாக இருந்தது.

சோறு போடும்போது கேட்டே விட்டாள். "அவ ஜெபம் பண்ணா குந்திகினு கேக்கறீங்க. நான் பண்ணா மட்டும் ஏன் எய்ந்து போறீங்க?"

யேசுதாஸ் கோபக்காரன் இல்லை. மீன் முள்ளை நிதானமாக ஓரத்தில் எடுத்து வைத்தான்.

"நீ எங்க ஜெபம் பண்ற? அவராண்ட என்னியப் பத்தி பிராது இல்ல குடுக்கற. தெனிக்கும் கோர்ட்டுல நிக்கிற மாரி கீது எனக்கு."

இந்த ஒரு சொல்லை அவள் யோசித்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவள் யோசித்தது வேறு. ஆண்டவரே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் சாயமாட்டார்? வாராவாரம் அவள் பானையின் கனத்தைப் பார்க்கிறாரே. தன் பானையில் அரைப் பிடி கூடுதலாகப் போட்டுப் பார்த்தாள். ஆனால் இருப்பது ரேஷன் அரிசி. தான் கூட்டினால் சோறு குறையும், புருஷன் தட்டில் தெரியும்.

ஒரு மத்தியானம் முத்தம்மா கூடையோடு தெருவுக்குப் போயிருந்தாள். ஆண்கள் இரண்டு பேரும் துறைமுகத்தில் இருந்தார்கள். அய்யாத்துரைக்குக் கப்பல் தகட்டில் துரு சுரண்டுகிற வேலை. தேவப்பிரியம் பலகையிலிருந்து முத்தம்மாவின் பானையை இறக்கினாள். ஒரு பிடி எடுத்துத் தன் பானையில் போட்டாள். திருட்டு என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. தின்னவா எடுத்தேன்? ஆண்டவர் அரிசி ஆண்டவருக்கே போகிறது, அண்டாவில் விழுந்தால் எல்லாம் ஒன்றுதானே? இப்படி ஒரு நியாயம் வேதம் படித்தவளுக்குத்தான் கிடைக்கும். மறுநாள் இரண்டு பிடி எடுத்தாள். அதற்கு மறுநாள் எடுக்கும்போது ஜெபமும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பானையை இரண்டு கையாலும் தூக்கிக் கொட்ட வேண்டியிருந்தது. ஃப்ளோரா புருவத்தை உயர்த்தினாள். "தேவப்பிரியம், இந்த வாரம் உன் வூட்டுல ஆசீர்வாதம் போல கீதே." முத்தம்மாவின் முறை வந்தபோது பானையின் அடியிலிருந்து கொஞ்சம் விழுந்தது. அவள் பானையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். "இன்னாடி, கை சுருங்கிப்போச்சா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். முத்தம்மா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு தேவப்பிரியத்துக்கு வெல்லமாக இனித்தது.

அந்த வாரம் புயல் வந்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். கப்பல்கள் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போய்விட்டன. காசிமேட்டுக் கரையில் கட்டுமரங்களை மேட்டுக்கு இழுத்துப் போட்டுவிட்டார்கள். யேசுதாசுக்கு வின்ச் இல்லை, அய்யாத்துரைக்குத் துரு இல்லை, முத்தம்மாவுக்கு மீன் இல்லை. ஓட்டு ஒழுக்கலுக்கு அடியில் பாத்திரங்களை வைத்துக்கொண்டு, மைலோவைக் கஞ்சியாகக் காய்ச்சி, கருவாட்டுத் துண்டைச் சுட்டு நாலு பேரும் குடித்தார்கள். அந்தக் கஞ்சிக்குப் போடுகிற அரிசியிலும் முத்தம்மா ஆண்டவருக்கு ஒரு பிடி எடுத்தாள். போன வாரத்து வெட்கத்தில் இன்னும் ஒரு அரைப் பிடி சேர்த்தே எடுத்தாள். கல் பொறுக்கும்போது முணுமுணுத்துக்கொண்டேயிருந்தாள். அவளைக் குடும்ப ஜெபம் நடத்தக் கூடாது என்றார்களே தவிர, கல்லோடு பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அவள் வாசலில் மழைத்தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் தேவப்பிரியம் கை பலகைக்குப் போய்விட்டு வந்தது. இப்போது அது பழக்கமாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்தம்மாவின் பானை இன்னும் இளைத்திருந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. குசுகுசுவென்று பேசினார்கள். ஃப்ளோரா தேவப்பிரியத்தைத் தூண் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"பசிக் காலம், நான் தப்பு சொல்லல. ஆனா கர்த்தருக்குன்னு வச்சத எடுத்து ஆக்கித் தின்னா நல்லாவா கீது? புதுசா வந்தவளுக்கு அந்தப் பயம் இன்னும் வரல போல. நீ பெரியவ, நீயே பக்குவமா சொல்லு. கொஞ்ச நாளிக்கு அவ பானை இங்க வரவேணாம்."

தேவப்பிரியம் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. "சரிங்க" என்றாள்.

ஃப்ளோரா பக்குவத்தைத் தேவப்பிரியத்திடம் ஒப்படைத்தாளே தவிர, ஊர் வாயை யாரிடம் ஒப்படைப்பது? வீட்டுக்கு வருவதற்குள் அய்யாத்துரை காதில் விழுந்துவிட்டது.

"எட்த்துத் துன்னியா?" என்று அவன் கத்தியது மழையையும் மீறிக் கேட்டது. "பசிச்சா என்னாண்ட சொல்றதுக்கு இன்னா? சாமி அரிசிதான் கெட்ச்சுதா உனுக்கு?"

"யோவ், என் அப்பன் மேல ஆணையா நான் தொடல. ஒரு பிடிக்கு ஒன்ற பிடி போட்டேன்யா. எப்டி கொறையுதுன்னு எனக்கே மெய்யா தெரியல."

"எலி எட்த்துகினு போச்சா?"

"எலி எட்த்தா பான மூடி போட்டுகினு இருக்குமாய்யா?"

அவள் திரும்பி உள்ளே போனாள். சமையற்கட்டு மூலையில் முகத்தை முழங்காலில் புதைத்து உட்கார்ந்துவிட்டாள். கூடையோடு தெருவில் நின்று எந்த ஆம்பிளையையும் வார்த்தைக்கு வார்த்தை திருப்பி அடிக்கிறவள் அவள். அவள் தோள் சத்தமில்லாமல் குலுங்குவதை தேவப்பிரியம் பார்த்தாள். வெல்லம் வாயிலேயே கசந்தது. ஆனாலும் உள்ளே ஒரு பல், இதுவரை கடித்துக்கொண்டிருந்த அதே பல், விடாமல் கடித்தது. அழுதாலும் இவள்தான் அழகாக அழுகிறாள் என்றது.

சாயங்காலம் விளக்கேற்றிப் பாயை விரித்தார்கள். மழை அடித்த அடியில் டீக்கடை மூடிக் கிடந்தது. யேசுதாஸ் வேறு வழியில்லாமல் வாசற்படியில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கிருபையும் இரக்கமும் நிறைந்த" என்று தேவப்பிரியம் தொடங்கினாள். மேலே வரவில்லை. மறுபடி தொடங்கினாள். அப்பா சொல்லிக் கொடுத்த அத்தனை வாக்கியமும் வரிசையாக நின்றுகொண்டு ஒன்றும் வாசலைத் தாண்டி வர மறுத்தது.

"அக்கா" என்றாள் முத்தம்மா. "மொறயில்லன்னு தெரியும். ஒரே ஒரு வார்த்த நான் சொல்லிக்கட்டா?"

தேவப்பிரியம் தலையை ஆட்டினாள்.

"ஆண்டவரே, என் பானையிலருந்து யாரோ எட்த்துகினு கீறாங்க. மொதல்ல எனக்கு கோவம் வந்துச்சு, கைய ஒடிக்கணும்னு இருந்துச்சு. அப்பால நென்ச்சேன், உன் அரிசில கைய வெக்கிறதுன்னா எம்மாம் பசி இருக்கணும்? அவுங்களுக்கு இன்னா பசின்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரியும். அந்தப் பசிய நீயே தீத்து வையி. என் பேரு கெட்டது கெட்டுப்போச்சு, அதயும் நீயே பாத்துக்கோ. அவ்ளோதான்."

அவள் ஆமேன் சொல்லாமல் நிறுத்தினாள். மூத்தவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அய்யாத்துரை காத்திருந்தான். படியில் இருந்த முதுகும் காத்திருந்தது போல இருந்தது. ஓடு ஒழுகிப் பாத்திரத்தில் சொட்டியது.

 ஆமேன் என்றால் அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். எதை ஆகட்டும் என்பது? உபதேசியார் மகள் அர்த்தம் தெரியாமல் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

"ஆண்டவரே" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. தேவரீரும் வரவில்லை, பரம பிதாவும் வரவில்லை. "நான்தான் எடுத்தேன். பசிக்கு எடுக்கல. பொறாமைக்கு எடுத்தேன். இவ பேசறது உனக்குக் கேக்குது, நான் பேசறது கேக்கலன்னு எரிச்சல். என் வூட்டுக்காரரு இவ ஜெபத்துக்கு குந்தறாரு, என் ஜெபத்துக்கு எய்ந்து போறாருன்னு எரிச்சல். அவ மேல பழி வுழும்போதும் வாய மூடிகினு இருந்தேன். இப்பவும் எரியுது ஆண்டவரே. அத இன்னா செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

இதற்கு மேல் ஒன்றும் இல்லை. எப்போதும் எல்லாருக்கும் முன்னால் ஓங்கிக் கேட்கிற ஆமேன் முத்தம்மாவினுடையது. அது வரவில்லை. அவள் எழுந்தாள். புடவைத் தலைப்பைச் சரக்கென்று இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அய்யாத்துரை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விளக்கைப் பார்த்தான்.

அப்போது வாசற்படியிலிருந்து, திரும்பாமலே, கரகரத்த குரலில் யேசுதாஸ் சொன்னான்.

"ஆமேன்."

அவள் இத்தனை வருஷம் கேட்ட ஆமேன் அது. வந்ததே வந்தது, இந்த ஜெபத்துக்கா வரவேண்டும்? தேவப்பிரியம் வாயில் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள்.

முத்தம்மா இரண்டு பானைகளையும் கொண்டுவந்து அவள் முன்னால் டங்கென்று வைத்தாள். அவள் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"தோ பாருக்கா. உனக்கு இன்னா பசின்னு நான் கேக்க மாட்டேன், அது உனக்கும் ஆண்டவருக்கும். ஆனா என்னிய திருடின்னு சொன்னாங்க. இந்த ஆளு கூட சொன்னாரு. ஞாயித்துக்கெழம சங்கத்துல எல்லாருக்கும் எதுருல நீ வாயத் தொறந்து சொல்லு. அப்பால நான் ஆமேன் சொல்றேன்."

அந்த வாரம் முழுவதும் இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் பேசாமல் சமைத்தார்கள். கூண்டு இறக்கினார்கள், கப்பல்கள் திரும்பி வந்தன. உலை வைக்கும்போது இரண்டு கைகள் அரிசிக்குள் போயின, வந்தன. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் அண்டாவைச் சுற்றிக் கூடியபோது தேவப்பிரியம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, வசனம் சேர்க்கவில்லை. ஃப்ளோராவின் கை கழுத்துச் சங்கிலிக்குப் போனது. "உபதேசியார் மகளா?" என்று ஒருத்தி கேட்டது எல்லாருக்கும் கேட்டது. அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு தேவப்பிரியம் நின்றாள். ஓடிப்போக வேண்டும் போலிருந்தது, ஓடவில்லை.

"ஆமேன்!" என்றாள் முத்தம்மா. மீன் ஏலம் போடுகிற கரையில் பழகிய குரல் அது. கோயில் முற்றத்தில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. சிலர் சிரித்தே விட்டார்கள். முத்தம்மா தன் பானையை முதலில் கொட்டினாள். பிறகு தேவப்பிரியத்தின் பானைக்கு ஒரு பக்கம் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

வெளியே வந்தால் கோயில் கேட்டுக்கு எதிரே குடையோடு யேசுதாஸ் நின்றுகொண்டிருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் கோயிலுக்கு இவ்வளவு கிட்டே வந்ததில்லை. 

"சொல்ட்டியா?"

"சொல்ட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"சொல்ல வேண்டியத சொன்னாங்க."

அவன் தலையை ஆட்டினான். காலிப் பானைகள் இரண்டையும் வாங்கிக்கொண்டான். நடக்கத் தொடங்கியதும் முத்தம்மா பக்கம் திரும்பி, "கட்டுமரமெல்லாம் கடலுக்குப் போச்சாமே. நாளிக்கு இன்னா மீனு வரும்?" என்று கேட்டான். "புயலுக்கு அப்பால கானாங்கெளுத்தி கும்பலா வரும் மாமா, பாருங்க" என்று அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, அவன் சிரித்துக்கொண்டே கேட்டபடி நடந்தான்.

இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்த தேவப்பிரியத்துக்கு நெஞ்சுக்குள் அந்தப் பழைய பல் மெதுவாகக் கடித்தது. அவளுக்கு அது தெரிந்த கடிதான். கண்ணை மூடவில்லை, முக்காடு போடவில்லை. சேற்றில் கால் வைக்காமல் பார்த்து நடந்துகொண்டே, பக்கத்தில் நடக்கிற ஆளிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"ஆண்டவரே, தோ, மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு. நீ எங்கியும் போயிடாத, கூடவே வா."